நுரையீரல் புற்றுநோய் டிரையல்: எங்கே கேட்பது, எப்போது கேட்பது

கேள்வி இதுதான். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 61 வயது, பீடி சிகரெட் தொட்டதே இல்லை. நான்காம் கட்ட நுரையீரல் புற்றுநோய், அடினோகார்சினோமா வகை. கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஜீனில் மியூட்டேஷன், அதாவது மாற்றம், இருந்ததால் ஜெஃபிடினிப் மாத்திரை கொடுத்தார்கள். 11 மாதம் நன்றாக இருந்தார். போன வாரம் எடுத்த ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறது. டாக்டர், “அடுத்து கீமோ போடலாம், ஏதாவது டிரையல் இருந்தாலும் பாருங்கள்” என்று சொல்லியிருக்கிறார். டிரையல் என்பது ஒரு சிகிச்சையை நோயாளிகளிடம் முறைப்படி சோதித்துப் பார்க்கும் மருத்துவ ஆய்வு. டிரையல் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமா, எங்கே தேடுவது, வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்துவிடுவார்களா, செலவு என்ன ஆகும் என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: “அப்பாவுக்கு இது கேன்சர் என்று தெரியாது. நெஞ்சில் கட்டி என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம்.”

தம்பி, நான் டாக்டர் இல்லை. ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் 13 வருடம் டிரையல் கோஆர்டினேட்டராக இருந்தவள். நோயாளியையும் வீட்டாரையும் உட்கார வைத்து விளக்குவது, ரிப்போர்ட் சரிபார்ப்பது, ஒப்புதல் படிவம், மாத்திரைக் கணக்கு, ராத்திரி 2 மணிக்கு வருகிற போன் எல்லாம் என் வேலையாக இருந்தன. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். மருந்து முடிவை உங்கள் டாக்டரோடு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீமோவைத் தொடங்குவதற்கு முன்பே டிரையலைப் பற்றிக் கேட்டு முடியுங்கள். “முதலில் கீமோ போட்டுப் பார்ப்போம், அதுவும் கேட்கவில்லை என்றால் டிரையல்” என்றுதான் வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள். இந்த வரிசையாலேயே இடத்தை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு டிரையலுக்கும் யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்று எழுதப்பட்ட விதிகள் உண்டு. “மாத்திரை கேட்காமல் போயிருக்க வேண்டும், அதற்குப் பிறகு கீமோ எடுத்திருக்கக் கூடாது” என்று ஒரு விதி இருந்தால், நீங்கள் போட்ட ஒரே ஒரு சுற்று கீமோ அந்தக் கதவை மூடிவிடும். மூடாத டிரையலிலும், முந்தைய மருந்து உடம்பைவிட்டுப் போக இரண்டு முதல் நான்கு வாரம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். கட்டி அந்தக் காலத்தில் சும்மா இருக்காது.

இன்னொன்று உடம்பின் தெம்பு. டாக்டர்கள் இதற்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். எப்போதும்போல் எல்லா வேலையும் செய்கிறவர் 0. கடினமான வேலை முடியாது, ஆனால் நடமாடுகிறார், கடைக்குப் போய் வருகிறார் என்றால் 1. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார், சம்பாதிக்கப் போக முடியாது, பகலில் பாதிக்கு மேல் எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால் 2. பகலில் பாதிக்கு மேல் படுக்கை என்றால் 3. முழுக்கப் படுக்கை என்றால் 4. பெரும்பாலான டிரையல்கள் 0, 1 என்ற இரண்டை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். இன்றைக்கு உங்கள் அப்பா தோட்டத்துக்குப் போய்த் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருகிறார் என்றால், இதுதான் கேட்க வேண்டிய நேரம். டிரையலைக் கடைசிக் கதவு என்று நினைத்துக் காத்திருப்பவர்கள், அந்தக் கதவுக்கு நடந்து போகும் தெம்பு போன பிறகுதான் வந்து நிற்கிறார்கள். இதில் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டாக்டர் கைவிட்டுவிட்டாரா என்றால், இல்லை. நோய் கண்டுபிடித்த முதல் வாரத்திலேயே சேர்க்கிற டிரையல்களும் இருக்கின்றன. ஆபரேஷன் முடிந்து கட்டியே இல்லாதவர்களுக்கான டிரையல்களும் இருக்கின்றன. டிரையலைத் தானாக எடுத்துச் சொல்கிற டாக்டர் உங்களுக்குக் கிடைத்திருப்பது நல்லது.

ஆனால் டிரையலைத் தேடும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: “டி790எம் பார்த்தாச்சா?” ஜெஃபிடினிப், எர்லோடினிப் போன்ற முதல் தலைமுறை மாத்திரைகளுக்குக் கட்டி அடங்காமல் போகும்போது, ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் இந்த டி790எம் என்ற புது மாற்றம். இது இருந்தால் ஒசிமெர்டினிப் மாத்திரை பெரும்பாலும் வேலை செய்யும். 2017இல் வெளியான ஆரா-3 என்ற ஆய்வில் இப்படிப்பட்ட 419 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு ஒசிமெர்டினிப்பும் மற்றவர்களுக்குக் கீமோவும் கொடுத்தார்கள். நோய் அடுத்து முன்னேறுவதற்கு ஆன காலம் மாத்திரையில் 10.1 மாதம், கீமோவில் 4.4 மாதம். இது இன்றைக்கு டிரையலில் இல்லை, சந்தையில் இருக்கிற மருந்து. விலைதான் பாரம். கம்பெனியின் உதவித் திட்டம் ஏதாவது உண்டா என்று மருத்துவமனையில் கேளுங்கள்.

டி790எம்மை ரத்தத்திலேயே பார்க்கலாம், லிக்விட் பயாப்சி என்பார்கள். ரத்தத்தில் ‘இருக்கிறது’ என்று வந்தால் நம்பலாம். ‘இல்லை’ என்று வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. ரத்தத்தில் தப்பிப் போவது சகஜம், முடிந்தால் கட்டியிலிருந்தே மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். சிலருக்குக் கட்டி ஸ்மால் செல் என்ற வேறு வகையாகவே உருமாறியிருக்கும். அதைச் சதையை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். வேறு சிலருக்கு மெட் என்ற ஜீன் பெருகியிருக்கும். எந்த டிரையல் பொருந்தும் என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது. ‘நுரையீரல் புற்றுநோய் டிரையல்’ என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ‘இ.ஜி.எஃப்.ஆர். எக்ஸான் 19, ஜெஃபிடினிப் 11 மாதம், இப்போது டி790எம் இல்லை’ என்கிற மாதிரி சொன்னால் (எக்ஸான் 19 என்பது ஜீனில் மாற்றம் இருக்கும் இடம், ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும்), போனில் இரண்டே நிமிடத்தில் பதில் வரும்.

மியூட்டேஷன் ரிப்போர்ட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று தோன்றலாம். 2009இல் வெளியான ஐபாஸ் என்ற ஆய்வு, உங்கள் அப்பா சாப்பிடும் அதே ஜெஃபிடினிப் பற்றியது. கிழக்கு ஆசியாவில், பெரும்பாலும் புகை பிடிக்காத 1,217 நோயாளிகள். இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தவர்களுக்குக் கீமோவைவிட மாத்திரை நன்றாக வேலை செய்தது. மாற்றம் இல்லாதவர்களுக்கு அதே மாத்திரை கீமோவைவிட மிக மோசமாகப் போனது. ஒரே மாத்திரை ஒருவருக்கு நல்லது, பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கெடுதல்! அந்த 1,217 பேரும் சேர்ந்ததால்தான் உங்கள் அப்பாவுக்கு அந்த 11 மாதம் கிடைத்தது.

இப்போது பிளாக். பயாப்சியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, நடுவில் சேமியாத் துண்டு மாதிரி ஒரு கோடு. அந்தக் கோடுதான் உங்கள் அப்பாவின் கட்டி. ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதிலிருந்து முடியைவிட மெல்லிசாகச் சீவி எடுப்பார்கள். நுரையீரலில் ஊசி போட்டு எடுக்கும் சதை ஏற்கெனவே கொஞ்சம்தான். நாலு லேபுக்குப் போய்வந்தால் தீர்ந்துவிடும். டிரையலில் சேர இந்தப் பிளாக்கையோ, அதிலிருந்து வெட்டிய சாயம் போடாத ஸ்லைடுகளையோ கேட்பார்கள். பெரும்பாலும் பத்துக்கு மேல் கேட்பார்கள்.

ஒரு ஆசிரியையின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. விதிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தினார். முதலில் பயாப்சி பார்த்த லேபில் பிளாக்கைக் கேட்டோம். இன்று, நாளை என்று இழுத்து, மூன்றாவது வாரம் “எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை” என்றார்கள். மறுபடி ஊசி போட நாள் குறித்தோம். அதற்குள் அந்த டிரையலில் இந்தியாவுக்கு ஒதுக்கிய இடங்கள் நிரம்பிவிட்டன. அவருக்கு வேறு சிகிச்சை கொடுத்தோம். ஆனால் அந்த மூன்று வாரத்தை அவருக்குத் திருப்பித் தர யாராலும் முடியவில்லை. அதனால் பிளாக்கைக் கையெழுத்துப் போட்டு வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் அப்பாவின் உடம்பிலிருந்து எடுத்தது, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த பிளாஸ்டிக் சட்டத்தின் மேல் எழுதியிருக்கும் எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். வெயிலில் நிறுத்திய காரில் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.

தேடுவதற்கு இரண்டு இடங்கள் போதும். முதலாவது சி.டி.ஆர்.ஐ., அதாவது இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூனிலிருந்து டிரையல்களை இதில் பதிவது கட்டாயம். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். காசு கட்ட வேண்டாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ‘லங் கேன்சர்’ என்று ஒரு தடவை, ‘நான் ஸ்மால் செல்’ என்று ஒரு தடவை, ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ என்று ஒரு தடவை, தனித்தனியாகத் தேடுங்கள். ஒரு சொல்லில் தப்பியது இன்னொன்றில் மாட்டும். முதல் பார்வையில் மலைப்பாக இருக்கும். மருத்துவ மேற்படிப்பு மாணவர்களின் ஆய்வேடு, மூச்சுப் பயிற்சி, யோகா, சித்த ஆயுர்வேத ஆய்வு எல்லாமே அதே பட்டியலில் வரும். பயப்படாமல் ஒவ்வொன்றாகத் திறந்து மூன்றே மூன்று இடத்தைப் பாருங்கள்: இந்தியாவில் ஆள் சேர்க்கும் நிலை என்ன, எந்தெந்த ஊர் மருத்துவமனைகள், சேர்க்கும் விதிகளும் விலக்கும் விதிகளும் என்ன. மற்றதெல்லாம் பிறகு.

இரண்டாவது, கிளினிக்கல்டிரையல்ஸ் டாட் கவ் என்ற அமெரிக்க அரசின் பதிவேடு. பல நாடுகளில் நடக்கும் கம்பெனி டிரையல்கள் இதில் இருக்கும். நாடு என்ற இடத்தில் இந்தியாவையும், நிலை என்ற இடத்தில் ‘ரெக்ரூட்டிங்’ என்பதையும் தேர்ந்தெடுத்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். அமெரிக்காவில் மட்டும் நடக்கும் டிரையலைப் பார்த்து ஏங்க வேண்டாம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நேரில் போக வேண்டும், டிரையல் மருந்து போக மற்ற மருத்துவச் செலவு நம் தலையில் விழும். நிலத்தை விற்றுக் கிளம்புகிற விஷயம் இல்லை இது.

இரண்டு பதிவேட்டிலும் ஒரு குறை உண்டு. ‘ஆள் சேர்க்கிறோம்’ என்று போட்டிருக்கும், இடம் எப்போதோ நிரம்பியிருக்கும். அதனால் பார்த்த அன்றே போன் போடுங்கள். சி.டி.ஆர்.ஐ. பக்கத்தில் பொதுமக்கள் கேள்விக்கென்றே தனியாக ஒரு தொடர்பு எண் இருக்கும். அது கிடைக்கவில்லை என்றால் அந்த மருத்துவமனைக்குப் போன் செய்து “மெடிக்கல் ஆன்காலஜி டிரையல் கோஆர்டினேட்டரிடம் பேச வேண்டும்” என்று கேளுங்கள். டாக்டரைப் பிடிப்பதைவிட எங்களைப் பிடிப்பது சுலபம். எந்த டிரையலில் எத்தனை இடம் பாக்கி என்பது எங்கள் விரல் நுனியில் இருக்கும்.

பதிவேட்டில் தேடுவதோடு, பெரிய இடத்தில் ஒரு தடவை நேரிலும் காட்டிவிடுங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், திருவனந்தபுரம் ஆர்.சி.சி., பெங்களூரு கித்வாய், மும்பை டாடா மெமோரியல் என்று ஆராய்ச்சியும் சேர்ந்து நடக்கிற இடங்கள் இருக்கின்றன. உங்களுக்குக் கோயம்புத்தூர் பக்கம், அங்கிருந்தே தொடங்குங்கள். ஒரு மருத்துவமனையில் இல்லை என்றால் ஊரில் எங்குமே இல்லை என்று அர்த்தம் இல்லை. அந்தந்த மருத்துவமனை தன்னிடம் நடக்கும் டிரையலைத்தான் சொல்லும். உங்கள் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள், பார்க்கச் சொன்னதே அவர்தானே.

கோஆர்டினேட்டர் “ரிப்போர்ட் எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லிவிட்டால் ஸ்க்ரீனிங் தொடங்கும். ரத்தம், ஈ.சி.ஜி., எக்கோ, புது ஸ்கேன், மூளை எம்.ஆர்.ஐ. எல்லாம் குறிப்பிட்ட நாட்களுக்குள், பெரும்பாலும் 28 நாளுக்குள், முடிய வேண்டும். இதில் நம் ஊர்க்காரர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் டி.பி. நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தவுடன் டி.பி. மாத்திரை ஆரம்பித்து, மாதக்கணக்கில் சாப்பிட்ட பிறகுதான் புற்றுநோய் என்று தெரிந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அப்பாவுக்கும் அப்படி ஏதாவது நடந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் நிறுத்தினார்கள் என்ற சீட்டு இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். நாட்டு மருந்து, லேகியம் எது சாப்பிட்டாலும் அதையும் சொல்ல வேண்டும். அது ஈரலில் என்ன செய்கிறது என்று தெரியாமல் புது மருந்தைக் கொடுத்தால் ஆபத்து அப்பாவுக்குத்தான். ஸ்க்ரீனிங்கில் ‘பொருந்தவில்லை’ என்று வந்தால் மனம் உடைய வேண்டாம். சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் கொஞ்சம் கூட, ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு என்பதற்கெல்லாம் திருப்பி அனுப்புவார்கள். “சரிசெய்துவிட்டு மறுபடி பார்ப்பீர்களா?” என்று கேளுங்கள். சில டிரையல்களில் பார்ப்பார்கள்.

இனி உங்கள் கடைசி வரி. எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய விஷயம்.

அப்பாவுக்குத் தெரியாமல் அவரை டிரையலில் சேர்க்க முடியாது. மகன் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது இங்கே கிடையாது. சுயநினைவோடு இருக்கிற மனிதருக்கு, அவருக்குப் புரியும் மொழியில், நோயின் பெயர், மருந்தின் பெயர், தெரிந்த ஆபத்துகள், வேறு என்ன சிகிச்சை இருக்கிறது என்பது வரை சொல்லி, அவரே கையெழுத்திட வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தம் இல்லாத ஒரு சாட்சி கூடவே உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக் கையெழுத்திட வேண்டும். புத்தம்புது மருந்தாக இருந்து, நோயாளி எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடிய நிலையில் இருப்பவர் என்றால், இதை வீடியோவாகவும் பதிய வேண்டும். மருத்துவ ஆய்வுகளுக்கான 2019ஆம் வருட விதிகளில் இது எழுதியிருக்கிறது.

ஒரு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரைச் சொல்கிறேன். ஒப்புதல் அறையில் அவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்ற மகன், அப்பாவின் தலைக்கு மேலே என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். நான் பேப்பரை மூடி வைத்துவிட்டு, “உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு இருக்குங்க ஐயா?” என்று கேட்டேன். அவர் திரும்பி மகனைப் பார்த்தார். “இவன் வெளியே நிக்கட்டும்மா” என்றார். மகன் போன பிறகு, “அந்த மாத்திரை அட்டையை மெடிக்கல் ஷாப் பையன் படிச்சுக் காமிச்சு அஞ்சு மாசம் ஆச்சு. இவங்க தாங்க மாட்டாங்கன்னுதான் நானும் கேக்கல” என்றார். பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: “எத்தனை நாளைக்கு ஒருக்கா வரணும்? வைகாசியில பேத்திக்குக் காதுகுத்து வச்சிருக்கோம்.” அந்தத் தேதி தவறாமல் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். டிரையலில் மீதி மாத்திரையையும் காலி அட்டையையும் ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும், எண்ணிப் பார்ப்போம். அவர் ஒரு பழைய டிரிப் ஷீட் புத்தகத்தில் கட்டம் போட்டு, சாப்பிட்ட நேரம், வாந்தி, பேதி எல்லாம் எழுதிக்கொண்டு வருவார். அந்தக் கணக்கில் ஒரு மாத்திரை கூட உதைத்ததில்லை.

உங்கள் அப்பாவும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு என்ன தெரியும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் மருத்துவமனைக்கு வந்து அங்கே புதிதாகக் கேட்க வைக்காதீர்கள். வீட்டில், சாப்பிட்டு முடித்த ஒரு சாயங்காலம், நீங்களும் அம்மாவும் உட்கார்ந்து சொல்லுங்கள். கஷ்டமாக இருந்தால் டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள்.

ஒப்புதல் படிவத்தில் இன்னொரு இடத்தையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். தொழில், ஆண்டு வருமானம், அதற்கடுத்து ‘நாமினி பெயர், உறவு’ என்று ஒரு கட்டம் வரும். அதைப் பார்த்ததும் அழுதவர்கள் உண்டு, பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனவர்களும் உண்டு. “அப்போ செத்துப்போவேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?” என்பார்கள். அது நோயாளிக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பாக வந்த கட்டம். டிரையலால் பாதிப்பு ஏற்பட்டால் அதற்கான மருத்துவத்தை இலவசமாகக் கொடுக்க வேண்டும், டிரையலால்தான் என்று உறுதியானால் தனியாக இழப்பீடும் தர வேண்டும் என்பது சட்டம். உயிரிழப்பு நேர்ந்தால் அந்த இழப்பீடு யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்குத்தான் அந்தப் பெயர். பேங்க் பாஸ்புக்கில் எழுதுவது மாதிரிதான். அப்பாவுக்கு இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

தகவல் தாள் இருபது, முப்பது பக்கம் கூட இருக்கும். அன்றே கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்து, புரியாத இடத்தில் கோடு போட்டுக்கொண்டு வாருங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதியை உங்களிடம் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஆய்வு டாக்டரின் போன் எண்ணும், ஆய்வு நோயாளிக்கு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் எண்ணும் அதில் இருக்கும். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவம் சாராத பொதுமனிதர் ஒருவர் உண்டு. தலைவர் அந்த மருத்துவமனையைச் சேராதவராக இருக்க வேண்டும். ஏதாவது சரியில்லை என்று பட்டால் நேராக அவர்களிடம் போகலாம். எந்த நாளிலும், காரணம் சொல்லாமல், டிரையலிலிருந்து விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஆனால் மாத்திரையை மட்டும் திடீரென்று நிறுத்திவிட்டுப் போகாமல் ஒரு தடவை வந்து சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள், அது அவர் உடம்புக்கு நல்லது.

மாவு மாத்திரை பயம் எல்லாருக்கும் இருக்கிறது. நல்ல சிகிச்சை கைவசம் இருக்கும்போது, அதை நிறுத்திவிட்டு வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்து வேடிக்கை பார்க்க நெறிமுறைக் குழு அனுமதிக்காது. பிளாசிபோ, அதாவது இந்த மாவு மாத்திரை, வரும் டிரையல்களில் பெரும்பாலும் எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு, அதன்மேல் ஒரு பகுதியினருக்குப் புது மருந்து, மற்றவர்களுக்கு அதே மாதிரி தெரியும் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். உங்கள் டாக்டரால் கூட மாற்ற முடியாது. சிபாரிசு பிடித்துப் புது மருந்துப் பக்கம் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி இது: “எங்கள் அப்பாவுக்குப் புது மருந்து விழவில்லை என்றால் என்ன கிடைக்கும்?” அந்தப் பதில் உங்களுக்குத் திருப்தியாக இருந்தால் மட்டும் சேருங்கள். ஃபேஸ் 1, அதாவது மருந்துச் சோதனையின் முதல் கட்டம், என்றால் கதை வேறு. அங்கே எவ்வளவு டோஸ் உடம்பு தாங்கும் என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கட்டி குறையலாம், குறையாமலும் போகலாம். அதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும்.

“எங்கப்பாவை எலியாக்கப் பார்க்கிறீங்களா?” என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நான் அவர்களுக்குச் சொன்னது மும்பை டாடா மெமோரியலில் நடந்த ஒரு டிரையலைத்தான். 2016இல் தொடங்கினார்கள். உங்கள் அப்பா மாதிரியே இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ள 350 பேர். பாதிப் பேருக்கு ஜெஃபிடினிப் மட்டும், பாதிப் பேருக்கு ஜெஃபிடினிப்போடு பெமெட்ரெக்ஸெட், கார்போபிளாட்டின் கீமோவும். எல்லாமே பழைய மருந்துகள், சேர்த்துக் கொடுத்ததுதான் புதிது. நோய் முன்னேறாமல் இருந்த காலம் தனி மாத்திரையில் 8 மாதம், சேர்த்துக் கொடுத்ததில் 16 மாதம். கடுமையான பக்கவிளைவு சேர்த்துக் கொடுத்தவர்களில் 100க்கு 75 பேருக்கு, மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 49 பேருக்கு. அந்த விலையையும் சேர்த்துத்தான் எழுதினார்கள். அதே யோசனையை ஒசிமெர்டினிப்போடு உலக அளவில் சோதித்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. அதுவும் அதே பக்கம்தான் சாய்ந்தது. அந்த 350 பேரும் ஒப்புதல் கொடுத்துச் சேர்ந்த மனிதர்கள்.

செலவு. கம்பெனி நடத்தும் டிரையலில் பொதுவாக டிரையல் மருந்தும், டிரையலுக்காக எடுக்கும் பரிசோதனைகளும் இலவசம். டாக்டர்களே நடத்தும் ஆய்வில் வழக்கமான மருந்துக்கு நீங்கள் கட்ட வேண்டி வரலாம், அங்கே முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவுமா என்று கேளுங்கள். எது யார் செலவு என்று தகவல் தாளில் இருக்கும். பயணப்படி உண்டா என்றும் கேளுங்கள், பஸ் ரயில் டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ‘டிரையலில் சேர இவ்வளவு லட்சம் கட்டுங்கள்’ என்று யாராவது கேட்டால், அது ஸ்டெம் செல்லோ வேறு எதுவோ, அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பதிவு எண் கேளுங்கள். சி.டி.ஆர்.ஐ., சாய்கோடு, வருடம், மாதம், பிறகு ஒரு எண் என்று வரும். அந்த எண்ணைப் பதிவேட்டில் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்.

பொருந்தும் டிரையலே கிடைக்காமலும் போகலாம். அப்படிப் போனால் கீமோ இருக்கிறது, அது தோல்வி இல்லை. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வலி, மூச்சுத் திணறல், தூக்கமின்மையைப் பார்க்கிற பாலியேட்டிவ் டாக்டரை இப்போதே பார்க்கத் தொடங்குங்கள். அதற்கும் ஒரு டிரையல்தான் சாட்சி. அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில், பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே பாலியேட்டிவ் கவனிப்பும் கொடுத்தார்கள். 2010இல் முடிவு வந்தது. அந்தக் கவனிப்பு கிடைத்தவர்கள் மனச்சோர்வு குறைந்து இருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் தீவிர சிகிச்சை குறைவாகத்தான் எடுத்தார்கள், இருந்தும் 11.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். அந்த டிரையலில் புது மருந்து என்று ஒன்றுமே இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலையிலேயே பயாப்சி பார்த்த லேபுக்குப் போய்ப் பிளாக்கைக் கேளுங்கள். அன்றே டாக்டரிடம் டி790எம் ரத்தப் பரிசோதனையையும், கீமோவை எத்தனை நாள் தள்ளி வைத்தால் ஆபத்து இல்லை என்பதையும் கேளுங்கள். அவர் சொல்லும் அந்த நாட்கள்தான் உங்கள் கையில் இருக்கிற நேரம். ஒரு தாளில் வயது, நோய் வகை, மியூட்டேஷன், எந்த மருந்து எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, கடைசி ஸ்கேன் தேதி, சர்க்கரை, பிரஷர், டி.பி. உண்டா என்று எழுதிப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோஆர்டினேட்டர்களைக் கூப்பிடுங்கள். அதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அப்பாவோடு உட்காருங்கள்.